நாள்பட்ட நரம்பு வலி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இருப்பது நரம்பு வலிதானா?

முதலில் சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கல’ என்கிறோமே, அது இரத்தக்குழாய். கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும் ‘நரம்புச் சுருட்டல்’, அதுவும் இரத்தக்குழாய்தான். காலையில் எழுந்ததும் கழுத்தில் ‘நரம்பு பிடிச்சுக்கிச்சு’ என்பது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. சுவர் விளம்பரங்களில் வரும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரில் மருத்துவத்தில் ஒரு நோயே இல்லை. இங்கே பேசப்போவது, உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு பழுதானால் வரும் வலியைப் பற்றி மட்டும்.

அதன் அடையாளங்கள் தனி: எரிச்சல், ஊசி குத்தல், கரண்ட் அடித்தாற்போல் வெட்டு, எறும்பு ஊர்வது, மதமதப்பு. போர்வை உரசினாலோ ஃபேன் காற்று பட்டாலோ கால் எரிகிறது என்றால் ஏறக்குறைய உறுதி. மூட்டு வலியும் தசை வலியும் அசைந்தால் கூடும்; நரம்பு வலி சும்மா படுத்திருக்கும்போதும் வரும்.

இன்னொரு அடையாளத்தைப் பலர் சொல்லவே மாட்டார்கள், வலிக்காததால். நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது, பத்தடி போன பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. தரை பஞ்சு போல இருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. எரிகிற காலைவிட இந்த மரத்த கால்தான் அதிக ஆபத்தானது. எரிச்சல் உங்களை மருத்துவரிடம் விரட்டும். மரத்த கால் உங்களைப் பேசாமல் புண்ணில் கொண்டுபோய் விடும்.

எங்கே வலிக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்ட அளவுக்கு எரிச்சல், மரத்தல் என்றால் முதலில் சர்க்கரை நோய், அடுத்து பி12 குறைவு, பிறகு மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள். இடுப்பிலிருந்து ஒரே காலின் பின்பக்கமாக இறங்கினால் முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்தியிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிகிறது. முகத்தில் ஒரு பக்கம், பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் மின்னல் போல வெட்டினால் அது முகநரம்பு வலி. இதைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

தோலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்வில்லாத ஒரு திட்டு இருந்தால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்றும் அது இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்.

காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவர்களுக்கும் கால் எரியலாம். கூடவே தினம் 10 மி.கி. பைரிடாக்சின் கொடுப்பது அதைத் தடுக்கத்தான். அதைச் ‘சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

அக்கி போய்விட்டது, வலி மட்டும் போகவில்லை. ஏன்?

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடந்து, வயதானபின் விழித்துக்கொள்வதுதான் அக்கி. கொப்புளம் காய்ந்த பிறகும் நரம்பு ஆறாவிட்டால் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் அக்கி சீக்கிரம் அடங்கும். நம் ஊரில் அந்த மூன்று நாள்தான் காவிக்கல் குழைத்து அக்கி எழுதுவதில் போய்விடுகிறது. எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை என்றால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என்னென்ன பரிசோதனை தேவை?

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி), பி12, தைராய்டு, கிரியாட்டினின், முழு இரத்த எண்ணிக்கை. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் (டியூனிங் ஃபோர்க்) பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஐந்து நிமிட வேலைதான். செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நரம்புக் கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. செய்யச் சொன்னால் அன்று கைகாலில் எண்ணெயோ கிரீமோ தடவாமல் போங்கள். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்தால் வலி கற்பனை என்று அர்த்தமில்லை: அந்தச் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கும், எரிச்சலைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள்.

சர்க்கரை மாத்திரைக்கும் பி12-க்கும் என்ன தொடர்பு?

மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நான்கைந்து ஆண்டுக்கு மேல் சாப்பிடுபவர்கள், கூடவே ‘கேஸ் மாத்திரை’ என்று பான்டோபிரசோல் வகையை வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போடுபவர்கள், அதோடு சைவம் என்றால் மூன்று வாசலும் அடைபட்டது போல. ஆண்டுக்கு ஒருமுறை அளவு பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேகத்துக்குரியது.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.2 மைக்ரோகிராம் பி12 வேண்டும். இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் அதில் பெரும்பகுதி கிடைக்கும். மத்தி, நெத்திலி, முட்டை சாப்பிடுபவர்களுக்குச் சிக்கலில்லை. முருங்கைக்கீரையிலும் ஸ்பைருலினாவிலும் பி12 இருப்பதாகச் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். ஏற்கெனவே அளவு இறங்கிவிட்டால் உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது, ஊசியோ மாத்திரையோ வேண்டும். இன்னொன்று: பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் இரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும்.

அப்படியானால் சத்து மாத்திரையை எல்லோரும் போடலாமா?

கூடாது. இரண்டு மூன்று டாக்டரிடம் காட்டுபவர் வீட்டில் மூன்று வகை பி-காம்ப்ளெக்ஸ் அட்டை இருக்கும். பின்பக்கம் பைரிடாக்சின் (பி6) எத்தனை மி.கி. என்று பார்த்துக் கூட்டுங்கள். பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரக்கச் செய்யும். எரிச்சலுக்குப் போட்ட மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாகிவிடும். தினம் 50, 100 மி.கி. என்று கூட்டுத்தொகை வந்தால் அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பற்பம், செந்தூரம், ‘வலிப் பொடி’ பற்றியும் இதே எச்சரிக்கை. ஈயமும் ஆர்செனிக்கும் நரம்புக்கு நஞ்சு.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் எரிச்சல் தாங்க முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

இது நடக்கக்கூடியதே. நெடுங்காலம் உயரத்தில் இருந்த சர்க்கரை மிக வேகமாக இறங்கினால், உதாரணமாக எச்பிஏ1சி 12-லிருந்து மூன்று மாதத்தில் 7-க்கு வந்தால், அடுத்த சில வாரங்களில் மெல்லிய நரம்புகளில் கடுமையான எரிச்சல் கிளம்பலாம். மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் குறைவதுதான் எச்சரிக்கைக் கோடு. பயந்துபோய் இன்சுலினை நிறுத்திச் சர்க்கரையை மறுபடி ஏற்றிக்கொள்வது தவறு. சீராக வைத்திருந்தால் பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப்போக வலி தணிகிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். அதுவரை வலிக்குத் தனி மருந்து. கண் விழித்திரையையும் அந்தச் சமயத்தில் பரிசோதிக்க வேண்டும், இதே வேகம் அங்கும் கெடுதல் செய்யும்.

வலி மாத்திரை டைக்ளோஃபினாக் போட்டால் கேட்கிறதே?

நரம்பு வலிக்கு அது கேட்காது. கேட்டால், கூடவே மூட்டு வலியோ தசை வலியோ இருந்திருக்கும். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தினமும் போட்டால் பழுதாவது சிறுநீரகம்.

பிறகு எந்த மருந்து? எவ்வளவு நாளில் தெரியும்?

நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வேறு நோய்க்கான மருந்து என்று கூகுளில் பார்த்துப் பதற வேண்டாம். வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கண்டுபிடிக்கப்பட்டவை, கொதித்துக்கொண்டிருக்கும் நரம்பை அடக்குவதால் இங்கும் பயன்படுகின்றன.

பிரிகாபலின்: பெரும்பாலும் இரவு 75 மி.கி.யில் தொடக்கம், முதியவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் அதைவிடக் குறைவு. தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். முதல் வாரம் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். காபாபென்டின் இதன் அண்ணன். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

அமிட்ரிப்டிலின்: 10 மி.கி. படுக்கும்போது போட்டால் காலை பத்து மணி வரை மந்தமாக இருக்கும். இரவு எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். வாய் உலரும், மலம் கட்டும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டுலாக்செட்டின்: 30 மி.கி. சாப்பாட்டுக்குப் பின், ஒரு வாரம் கழித்து வழக்கமாக 60. முதல் பத்து நாள் குமட்டும், பிறகு அடங்கும். இதோடும் அமிட்ரிப்டிலினோடும் டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்வது ஆபத்து. வேறு டாக்டர் எழுதினாலும் கேட்டுவிட்டே போடுங்கள்.

‘மூணு நாள் போட்டேன், ஒண்ணும் கேட்கல’ என்று நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. தாங்கக்கூடிய அளவுக்கு ஏற்றி நான்கு முதல் எட்டு வாரம் பார்த்த பிறகே தீர்ப்பு. எதிர்பார்ப்பும் சரியாக இருக்கட்டும்: பத்துக்கு எட்டாக இருந்த வலி நான்குக்கு வந்தால் அது நல்ல வெற்றி. சுழியத்துக்கு வருவது அபூர்வம்.

இரண்டாவது தவறு, நன்றாகிவிட்டது என்று சட்டென நிறுத்துவது. தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரை போகும். குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்.

மிளகாய் கிரீம் என்கிறார்களே?

மிளகாயின் காரமான கேப்சைசின்தான் அது. தடவிய இடத்தின் வலி நரம்பு முனைகளை முதலில் சீண்டி, பிறகு ஓயச்செய்யும். இதை உணரும் புரதத்தைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தினம் மூன்று நான்கு முறை, பல வாரம் விடாமல் தடவினால்தான் பலன். முதல் வாரம் எரிச்சல் கூடவே செய்யும். புண்ணில் கூடாது. தடவியபின் சோப்பால் கை கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். சமையலறை மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவும் யோசனை வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

ஒத்தடம் கொடுக்கலாமா? வெந்நீரில் காலை வைத்தால் இதமாக இருக்கிறது.

உணர்வு முழுதாக உள்ள இடுப்பு, முதுகு என்றால் இளஞ்சூட்டு ஒத்தடம் தாராளமாக. மரத்த பாதத்துக்குக் கூடவே கூடாது. குதிகால் வலிக்குச் சுட்ட செங்கல்லின் மேல் எருக்கிலையைப் பரப்பிக் காலை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சர்க்கரை நோயாளியின் காலில் அது கொப்புளமாகி, புண்ணாகி, விரல் போகும் அளவுக்குப் போகக்கூடும், ஏனென்றால் சுடுவதே அவருக்குத் தெரியாது. குளிக்கும் வெந்நீரைக்கூட முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள். ஐஸ் கட்டியும் அதே அளவு ஆபத்து. எரிகிறது என்று ஐஸ் வாளியில் காலை வைக்கக் கூடாது.

பாதத்தைத் தினமும் எப்படிக் கவனிப்பது?

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம். சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றித் துடையுங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம்: வெடிப்பு, சிவப்பு, கொப்புளம், குத்திய முள். தேங்காய் எண்ணெயை மேலும் கீழும் தடவுங்கள், விரலிடுக்கில் தடவாதீர்கள். ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவதும் புண்ணுக்கு அழைப்பு. கால் வீங்குபவர்கள் மெட்டி இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். விரலை அறுத்துக்கொண்டிருப்பது தெரியாமலே இருந்துவிடும்.

செருப்பு: விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் வேண்டாம். எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் அடித்தட்டும் குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும் உள்ளதை வாங்குங்கள். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிச் சிவந்திருக்கிறதா பாருங்கள். ஷூவைப் போடுமுன் உதறுங்கள்; உள்ளே கிடந்த சின்னக் கல் நாள் முழுக்கக் குத்தியும் தெரியாது. பைக்கின் பின்சீட்டில் உட்காருபவர் சைலன்சர் பக்கம் காலை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்கு வெறுங்காலோடுதானே போக வேண்டும்?

கபாலீசுவரர் கோயில் பிராகாரமோ திருவல்லிக்கேணியோ, வெயில் ஏறிய கருங்கல் மரத்த காலை ஒரு சுற்றில் சுட்டுவிடும். அக்னி நட்சத்திரத்தில் சொல்லவே வேண்டாம். காலை ஏழு மணிக்குள் அல்லது இருட்டிய பிறகு போங்கள்; பருத்தி சாக்ஸ் அனுமதிக்கப்படும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். உணர்வில்லாத பாதத்தோடு வெறுங்காலில் அதைச் சுற்றுவது சரியில்லை என்றே சொல்வோம்.

மழைக்காலத்தில்?

தெருவில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். கண்ணாடித் துண்டும் எலிக்காய்ச்சல் கிருமியும் அதில் கலந்திருக்கும். இறங்கியே ஆக வேண்டுமானால் ரப்பர் பூட்ஸ். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பாருங்கள். ஈர ஷூவை மறுநாள் அப்படியே மாட்டாதீர்கள்.

இரவில் மட்டும் வலி கூடுவது ஏன்?

பகலில் வேலையும் பேச்சும் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. இரவில் மூளைக்கு வலியைத் தவிர வேறு செய்தி இல்லை. போர்வை உரசுவதும் சேரும். கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போர்வையை விட்டால் பாதம் படாது. ஃபேன் நேராகக் காலில் அடிக்காதபடி படுக்கையைத் திருப்புங்கள்.

ஃபில்டர் காபியை மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். உடலில் காஃபின் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரமாகும். ஆறு மணிக் காபி பதினொன்று மணிக்கும் பாதி இருக்கும். இரவு எழுந்தால் தடுமாறாமல் இருக்கக் கழிவறை வழியில் சிறு விளக்கு: உணர்வில்லாத கால் கண்ணை நம்பியே நிற்கிறது, இருட்டில் அந்தத் துணையும் போய்விடும்.

நடந்தால் நரம்பு இன்னும் தேயாதா?

தேயாது. நடந்தால் சர்க்கரை இறங்கும், தூக்கம் வரும், வலியைத் தாங்கும் திறன் கூடும். பாதத்தில் புண் இருந்தால் மட்டும் நடையை நிறுத்துங்கள்.

தவறு நடப்பது அளவில். வலி குறைந்த ஒரு நாளில் மெரினாவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது. நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் ஒரே அளவு: முதலில் தினம் 10 நிமிடம், வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி 30 நிமிடம் வரை, வாரத்தில் ஐந்து நாள். சென்னையின் புழுக்கத்துக்கு காலை ஆறு மணியே சரி. மணலில் வேண்டாம், சமதளத்தில் நடங்கள். இன்சுலின் போடுபவர் பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை வைத்திருக்க வேண்டும்.

வீட்டில்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். ஒரு பாதத்தின் நுனியில் மற்றதன் குதிகாலை ஒட்டி வைத்துப் பத்து விநாடி நில்லுங்கள். விழாமல் காப்பது இந்தக் கடைசிப் பயிற்சிதான். மணிக்கணக்கில் சம்மணமிட்டோ குந்தியோ உட்காராதீர்கள். முழங்காலின் வெளிப்பக்க நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிவிடும்.

சாப்பாட்டில் என்ன மாற்றுவது?

சாதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பங்கு சாதம், கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன் அல்லது முட்டை. நான்கு இட்லியோடு வடை என்பதை இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றினால் போதும். மது நரம்புக்கு நேரடி விஷம், வாரக் கடைசி மட்டும் என்ற கணக்கு எடுபடாது. புகையும் பாதத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது.

கம்ப்யூட்டர் வேலையால் விரல் மரக்கிறது.

மணிக்கட்டை மடக்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் ஆறு வாரம் அணியுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினாலோ பொருட்கள் கைநழுவினாலோ காத்திருக்காதீர்கள். சிறு அறுவை சிகிச்சையில் நெரிசல் விடும், தாமதித்தால் சதை திரும்பாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

முகம் கோணி ஒரு பக்கக் கைகால் திடீரென மரத்தால் பக்கவாதம். 108-ஐ அழையுங்கள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். முதுகு வலியோடு சிறுநீர் போகாமல் நின்று, இடுப்பின் உட்காரும் பகுதி மரத்தால் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சில நாட்களில் பலவீனம் காலிலிருந்து மேலே ஏறி மூச்சு வாங்கினாலும் அவசரம்தான். மரத்த பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் பெரிதாக வலிக்காமல் இருந்தால் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

செலவில்லாமல் எங்கே காட்டலாம்?

சர்க்கரை, இரத்தக்கொதிப்புப் பரிசோதனையும் மாத்திரையும் பகுதியிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். வெளியே வர முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். நரம்பியல் பிரிவுக்கு சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம்.

போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள், நாட்டு மருந்து உட்பட. இரண்டு வாரத்துக்கு இரவு வலியைச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகவும், தூங்கிய மணி நேரத்தையும் தேதி வாரியாக எழுதி வையுங்கள். கூட்டம் நிறைந்த ஓபியில் கிடைக்கும் சில நிமிடத்தில் ‘ரொம்ப வலிக்குது சார்’ என்பதைவிட அந்தக் காகிதம் அதிகம் சொல்லும்.